கொல் என்ற சொல்

நல்லம்பள்ளிக்கு வெளியே ரோட்டோரத்தில் எங்கள் பட்டறை. கணவர் இரும்பைக் குறட்டில் பிடிப்பார், சம்மட்டி அடிப்பது நான். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிகளின் வில் பட்டைகள் பழைய இரும்புக் கடைக்கு வரும். அதை வாங்கித்தான் அரிவாள் அடிப்போம்.

அன்று காலை, எங்களுக்குப் பழக்கமான விவசாயி ஒருவர் அரிவாள் தீட்ட வந்திருந்தார். தீட்டி அவர் கையில் கொடுத்த நேரம், அவருடைய அண்ணன் மண்வெட்டியோடு வண்டியை விட்டு இறங்கினார். கிணற்றுப் பங்கில் இருவருக்கும் தகராறு என்பது ஊருக்கே தெரியும்.

"மோட்டார் ஒயரை அறுத்தது நீதானே?" என்றார் தம்பி.

"ஆமாண்டா. என்ன பண்ணுவ?"

அரிவாள் அண்ணனின் தோளில் இறங்கியது. தெறித்த ரத்தம் உலையில் பழுத்துக் கிடந்த இரும்பில் பட்டுப் பொரிந்தது. தடுக்கப் போன என் கணவரை உதைத்துத் தள்ளிவிட்டு, கீழே கிடந்த அண்ணனின் கழுத்துக்குத் தம்பி மறுபடி ஓங்கினார். நான் யோசிக்கவில்லை. கையிலிருந்த சம்மட்டியால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். இரும்பை அடித்தால் கையைத் திருப்பி உதைக்கும். எலும்பு உதைக்கவில்லை, உள்ளே போய்விட்டது.

ஸ்டேஷனில் ரத்தச் சேலையோடு நின்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் தொழில் கேட்டார்.

"கொல்லுப் பட்டறைங்க."

"பேர்லயே கொல்லு இருக்குது. வெட்டுக்குத்து நடக்காம என்ன பண்ணும்?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும், கல்லூரியில் தமிழ் படிக்கும் மகளிடம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் அகராதியைப் புரட்டினாள்.

"கொல்லுன்னா கொலைன்னும் போட்டிருக்குதும்மா, இரும்புன்னும் போட்டிருக்குது. இரும்பு வேலைன்னும் இருக்குது. கொல்லர்ங்கறது அதுலேர்ந்து வந்ததுதான்."

"ரெண்டும் ஒரே சொல்லா?"

"அது இதுல இல்லம்மா."

ஒரு வாரம் நான் சம்மட்டியைத் தொடவில்லை.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து, ஜாமீனில் வந்த தம்பி தன் மனைவியோடு பட்டறை வாசலில் நின்றார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. மனைவிதான் பேசினாள்.

"ராகி அறுக்கணுங்க. இடது கைக்குத் தோதா ஒரு அரிவாள் அடிச்சுக் குடுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து உலையை மூட்டினேன்.

"பொறி பறக்குங்க, தள்ளி நில்லுங்க" என்றேன்.

முதல் அடி விழுந்ததும் தம்பி தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.