வாட்ச்மேன் செய்து காட்டிய சொல்

பதினோரு வருடம் நீச்சல்குள வாசலில் டிக்கெட் கிழித்தவள், நாற்பத்திரண்டு வயதில் ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்தில் சேர்ந்தால் சும்மா விடுவார்களா? வந்த முதல் வாரமே குளத்தக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. கவுண்டரில் கூட்டமில்லாத நேரமெல்லாம் அகராதியைக் கதைப்புத்தகம்போல் படித்தவள் என்பது யாருக்குத் தெரியும்! அவள் கணவருக்குத் தெரியும். "மனுசி குழம்பு வைக்கிறப்பவும் வார்த்தையத்தான் கிண்டுறா" என்பார்.

அந்த அலுவலகத்தில் ஒரு விசித்திர வழக்கம். வினைச்சொல்லுக்குப் பொருள் எழுதியவர், சொல்லைச் சொல்லாமல் பொருளை மட்டும் வாட்ச்மேனிடம் வாசிக்க வேண்டும். அவர் அதை அப்படியே செய்து காட்டினால் பாஸ். குளத்தக்கா ஏற்கெனவே இரண்டு சொல்லில் கோட்டைவிட்டிருந்தாள். மூன்றாவதும் போனால் மறுபடி டிக்கெட் கவுண்டர்தான்.

மூன்றாவது ஆங்கிலச் சொல் 'அண்டுலேட்' (undulate). "அலைபோல் அசைதல்" என்று காலையில் வாசித்தாள். வாட்ச்மேன் இரண்டு கையையும் தூக்கி யாருக்கோ டாட்டா காட்டினார். அறையே கொல்லென்று சிரித்தது. தலைமைப் பதிப்பாசிரியரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல என் கையில இல்லம்மா."

குளத்தக்கா சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினாள். லத்தீனில் 'உந்தா' என்றால் அலை. அதிலிருந்து வந்த சொல். அட, அலையா! அலையை அவளைவிட யார் பார்த்திருக்கிறார்கள்? குளத்தில் ஒருவர் குதித்தால் அலை மறுகரைவரை ஓடும். நடுவில் மிதக்கும் பந்து மட்டும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். அப்படியென்றால் ஓடுவது தண்ணீர் இல்லை, அந்த ஏற்ற இறக்கம்! பேனா தாளைக் கிழிக்காத குறையாக எழுதினாள்.

ஐந்து மணிக்கு வாசித்தாள்: "இருந்த இடத்திலேயே ஏறி இறங்குதல், அந்த ஏற்ற இறக்கம் அடுத்ததற்கு, அடுத்ததற்கு என்று கடைசிவரை கடந்து செல்லுதல்."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "இத நான் ஒருத்தனா செய்ய முடியாதே, அக்கா."

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் நாற்காலிய வரிசையா போடுங்க!" என்றார் அவர்.

முதல் நாற்காலியில் இருந்த அவர் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார். உடனே பக்கத்தில் பிழைதிருத்துபவர். அடுத்து டைப்பிஸ்ட். சரசரவென்று வரிசை முழுக்க ஓடியது. யாரும் இடம் மாறவில்லை, ஆனால் ஏதோ ஒன்று ஓடியது! குளத்தக்கா கைதட்டிக் கத்தியேவிட்டாள்.

வரிசையின் முனையில் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த பதிப்பாசிரியரம்மா, தன்னை அறியாமல் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"சரி சரி," என்றார் கண்ணாடியைச் சரிசெய்தபடி, "நாளைக்கான வார்த்தைய நீயே எடுத்துக்கோம்மா."