அப்பாவின் பெயரும் ஒரு முந்திரிகையும்

பார்க்கிங் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு வைன் களஞ்சியத்தில், லேபல் இல்லாத போத்தல்களில் வந்திறங்கும் வைனுக்கு லேபல் ஒட்டுவது என் வேலை. ஒரு சொட்டும் வாயில் பட்டதில்லை. ஆனாலும் போத்தல் ஏதாவது உடைந்த நாளில் வீட்டுக்குப் போனால், "இண்டைக்கு உம்மட கோட்டுக்கு நல்ல வெறி" என்பார் கணவர்.

வேலையில் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் எங்கள் வழக்கப்படி அவர் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். முதல் நாளே மனேஜர் முன்னால் இருந்ததைப் பிடித்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. செத்துப்போன மனிதரை ஒருவர் தினமும் உரக்கக் கூப்பிடுகிறார், இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் ஜோர்ஜியா நாட்டின் மலையொன்றிலிருந்து ஒரு விவசாயி, தன் வைனுக்கு லேபல் ஒட்டுவதைப் பார்க்க வந்தார். கை காய்த்துப்போன மனிதர். லேபலைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. அதில் "மலைச் சிவப்பு" என்று மட்டும் இருந்தது. எந்த இன முந்திரிகை என்ற பெயரைக் காணவில்லை. யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு முந்திரிகை என்றுதான் பெயர். சென்னைக்காரர் பருப்பைத் தேடவேண்டாம்.

விவசாயி தன் மொழியில் பேசி, போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். அந்த இனம் பனி விழத் தொடங்கும்போதுதான் பழுக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதைப் பிடுங்கிவிட்டுப் பேர்போன இனங்களை நட்டுவிட்டார்கள். பெயர் தெரியாத பழத்தை யார் கேட்டு வாங்குவார்கள்? கேட்பாரில்லாவிட்டால் தானும் பிடுங்கவேண்டியதுதான்.

"இந்தப் பெயர் யார் வாயில் நுழையும்?" என்றார் மனேஜர்.

கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். "என் வாயில் நுழையும்," என்றேன். விவசாயி சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். ஓர் எழுத்து தொண்டையில் சிக்கியது. நாலாம் முறை வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெயர்களோடு பார்த்தால் அது ஒன்றும் நீளமில்லை. மனேஜர் சிரித்துக்கொண்டே புது லேபல் அடிக்கச் சொன்னார். விவசாயி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஓர் எழுத்துக்கூட விடாமல் திருப்பிச் சொன்னார்.

"அப்படியானால் இவ்வளவு காலமும் நான் யாரைக் கூப்பிட்டேன்?" என்றார் மனேஜர்.

"என் அப்பாவை."

அவர் நல்ல மனிதர், வெட்கப்பட்டுப்போனார். மறுநாள் காலையிலேயே என் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் கூப்பிட்டார். நான் சந்தோஷமாகத்தான் திரும்பிப் பார்த்தேன். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோதுதான் உறைத்தது. காலையிலிருந்து அப்பாவை யாருமே கூப்பிடவில்லை.