அந்த சீட்டுக்கென்று ஒரு பெயர்

போன வருஷம், தை மாதம் முடியும் நேரம். கோவை கணபதியில் லேத் பட்டறைகளுக்கு மேலே, மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. கிணற்று மோட்டாருக்கு உதிரி பாகங்கள் வாங்கி, ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள்.

அப்போது நான் வேலை இல்லாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மில்லை மூடிவிட்டார்கள். "இப்ப எங்கீங்க வேலைக்குப் போறீங்க?" என்று யாராவது கேட்பார்களே என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தேன். லோன் வேண்டுமா என்று கேட்பவர்களைத் தவிர யாரும் என்னைக் கூப்பிடாத காலம். அப்போதுதான் அந்த அலுவலகத்தின் மேனேஜர் போனில் பேசினார். ஆறு மாசம் இன்டர்ன்ஷிப், சம்பளம் கிடையாது, அப்புறம் பார்க்கலாம், ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார். சம்பளம் இல்லாவிட்டால் என்ன, காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருக்குமே என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

போன அன்று எனக்குக் காட்டிய மேஜைக்கடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. நாற்காலியில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது.

"யாரோடதுங்க?" என்றேன்.

"இந்த சீட்டோடதுங்க" என்றார் மேனேஜர். பிறகு போனை எடுத்ததும் சொல்ல வேண்டிய பெயரைச் சொன்னார். அது என் பெயர் இல்லை. "கடைக்காரங்களுக்கு இந்தப் பேருதானுங்க பழக்கம். ஆள் மாறுனா அவங்களுக்குக் கொழப்பம்."

அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அறையில் வேறு சிலரும் இருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. கீழே ஓடும் லேத்தின் அதிர்வு மட்டும் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டே இருந்தது.

முதல் போன் அந்தியூரிலிருந்து. மோட்டார் கடை நடத்தும் ஓர் அம்மா. சொல்லிக்கொடுத்த பெயரைச் சொன்னேன். அவர் ஆர்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஏங்கண்ணு, அம்மாவுக்கு ஆபரேஷன்னு அழுதியே, இப்ப எப்படி இருக்காங்க?"

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். யார் நலம் விசாரித்தாலும் நல்ல பதில் வாயில் தயாராக இருக்கும். யோசிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"நல்லா இருக்காங்கங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோமுங்க."

"அப்பாடா! வேண்டிக்கிட்டது வீண் போகலை. மூணு வருசமா பேசறோம், உன்ற குரல் மட்டும் மாறவே இல்லை கண்ணு."

மேனேஜர் என் படிப்பைக்கூடக் கேட்கவில்லை, போனில் பேசவைத்துக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வரச் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மதியம் பக்கத்து மேஜைப் பெண்ணிடம், எனக்கு முன்னால் இந்த சீட்டில் இருந்த பெண்ணின் அம்மா பிழைத்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எந்தப் பொண்ணுங்க? இங்க எத்தனையோ பேரு உக்காந்து போயாச்சு" என்று டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது மேனேஜர் பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் சட்டென்று திரும்பினேன். அன்று நடந்ததிலேயே என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான்.

மதுக்கரையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "எப்படி அம்மணி இருந்துச்சு?" என்று கேட்டபடி அம்மா சமையலறையிலிருந்து வந்தார். ஆரோக்கியமாக, சிரித்த முகமாக நின்ற அவரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத யாரோ ஓர் அம்மாவை, நல்லா இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"புடிக்கலைன்னா போகாத கண்ணு" என்றார் அம்மா. போகாவிட்டால் மறுபடியும் வீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலையிலும் மனசு இப்படியும் அப்படியுமாக இழுத்தது. கடைசியில் வரவில்லை என்று சொல்லிவிட முடிவுசெய்து அலுவலகத்துக்குப் போன் போட்டபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஒரு பெண் எடுத்து, அந்தப் பெயரைச் சொன்னாள். நானே பேசுவது போலிருந்தது. சொல்ல வந்தது மறந்துபோய், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்கங்க" என்றாள், கொஞ்சமும் தயங்காமல்.

போனை வைத்துவிட்டேன். சம்பளத்தோடு வேறு வேலை கிடைக்க இன்னும் பல மாதங்கள் ஆயின. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, போனை எடுத்தால் முதலில் என் பெயரைத்தான் சொல்கிறேன். அது என் காதில் விழுந்த பிறகுதான் மற்ற பேச்சு.