உள் கம்ப்யூட்டரில் அண்ணன் மூச்சு

உப்புக் காற்றுக்கு மதர்போர்டு என்றால் அப்படி ஒரு ருசி. திருவொற்றியூரில் கடலைப் பார்த்த கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டர் மூன்று வருஷம் தாண்டிவிட்டால் கோயிலில் தேங்காயே உடைக்கலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் சர்வீஸுக்குப் போகும் கடைகளிலும் ஆபீஸ்களிலும் இதே பஞ்சாயத்துதான். திருவொற்றியூர் கிளினிக் ஒன்றிலும் அப்படித்தான் ஒரு கம்ப்யூட்டர் செத்தது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது மூச்சுச் சோதனை மெஷின்.

குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே தம்மில் ஊத வேண்டும். நுரையீரல் எவ்வளவு தள்ளுகிறது என்று திரையில் கோடாக வரும். மணலி கெமிக்கல் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இங்கே வந்து ஊதி, டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் போனால்தான் கம்பெனிக்குள் நுழைய கேட் பாஸ். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அதன் சாஃப்ட்வேர்தான் பழைய விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. விற்ற கம்பெனிக்காரனைக் கேட்டால் புதுசு வாங்குங்கள் என்றான். சொல்லமாட்டானா பின்னே!

நான் ஒரு லினக்ஸ் பைத்தியம். புதுக் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, அதற்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் கம்ப்யூட்டரைக் கிளப்பி, அதில் பழைய விண்டோஸை ஏற்றினேன். அதற்கான வசதி லினக்ஸின் அடிவேரான கெர்னலிலேயே இருக்கிறது. முகம் தெரியாத யார் யாரோ எழுதி ஊருக்கே இனாமாகக் கொடுத்தது. அதற்கு வேண்டிய ப்ராசஸர் வசதியை, கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் அணைத்து வைத்திருந்தார்கள், அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போயிற்று. உள்ளே ஓடும் விண்டோஸுக்கு, தான் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருப்பதே தெரியாது. மெஷினின் யூஎஸ்பி ஒயரை லினக்ஸ் தொடாதபடி நேராக உள்ளே கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா மெஷினைச் சரிபார்க்கவென்றே சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு பெரிய சிரிஞ்ச் வைத்திருந்தார். மூன்று லிட்டர் காற்றை அதால் தள்ளினார். திரையிலும் மூன்று லிட்டர். அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த வாரமே என் அண்ணன் வந்தான். மணலியில் கெமிக்கல் டேங்கர் லாரிக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை அவனுக்கு. "இன்னா மே, உன் கம்ப்யூட்டர்ல தான் ஊதணுமாமே" என்று தங்கச்சியைக் கிண்டலடித்துவிட்டு ஊதினான். கோடு லேசாக எழும்பி அப்படியே தொங்கிவிட்டது. திரும்பத் திரும்ப ஊதினான், எல்லாம் அதே லட்சணம். டாக்டரம்மா போன வருஷத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். அதில் அவன் குதிரை மாதிரி ஊதியிருந்தான்.

"ஒரே வருஷத்துல பாதியா? நம்பற மாதிரி இல்லையே" என்று என்னைப் பார்த்தார். "நீ மாத்தினதுலதாம்மா ஏதோ இருக்கும். நல்லா பாத்துச் சொல்லு. உன்னோடது தப்புன்னா போன வருஷ ரிப்போர்ட்ட வெச்சு இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். தப்பு இல்லன்னா இவர் இனிமே டேங்கருக்குள்ள எறங்கவே கூடாது."

"டூப்ளிகேட் கம்ப்யூட்டரு டாக்டர், அதான்" என்று அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை. பாஸ் நின்றால் அண்ணி, பிள்ளைகள், வாடகை எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

வேறு யாராவது என் வேலையை டூப்ளிகேட் என்றிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அன்று அது தப்பாக இருந்துவிடாதா என்று எனக்கே ஆசை. என் வேலையில் ஓட்டை இருக்க வேண்டும் என்று எல்லா சாமியையும் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

தேடினேன். உள் கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்தங்கினால் ஊதும் வேகம் தப்பாகத் தெரியலாம். பின்தங்கவில்லை. யூஎஸ்பியில் ஏதாவது விட்டுப்போகிறதா? அதுவும் இல்லை. ராயபுரத்தில் துறைமுகச் சரக்கு பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கிவந்து, உள் வெளி எதுவும் இல்லாமல் பழைய விண்டோஸை நேராகவே போட்டேன். அண்ணனை வரச்சொல்லி ஊதவைத்தேன். அதே தொங்கல். சிரிஞ்சால் தள்ளினேன், மூன்று லிட்டர். நானே ஊதினேன், எனக்கு ஜோராக வந்தது. சனியன் பிடித்த மெஷின், யாருக்கும் பொய் சொல்லவில்லை.

அப்படியென்றால் போன வருஷம்? அதுதான் மண்டையைக் குடைந்தது. எதிர் டீக்கடைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

"போன வருசம் யார்ண்ணா ஊதினது?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "வியாசர்பாடி தோஸ்து ஒருத்தன். ஃபுட்பால் ஆடறவன். என் பேர கூப்ட்டா அவன் உள்ள பூடுவான். எல்லாரும் அப்டி ஆள் வெச்சு ஊதறது தான் மே. இந்த தபா வாசல்லயே ஆதார் கார்டையும் மூஞ்சியையும் பாக்கறாங்க, பேஜாரா பூட்ச்சு."

எத்தனை வருஷமாக என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. "அறிவு கீதா உனக்கு? யாரோ ஊதினா உன் நெஞ்சு சரியா பூடுமா?" என்று ரோட்டிலேயே கத்தினேன். போகிற வருகிற லாரிச் சத்தத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. "உன் கம்ப்யூட்டர் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடு மே. டாக்டரு உன்ன நம்பும். இந்த வருசத்த ஓட்டிடறேன். அப்பால வேற வேல பாத்துக்கறேன்."

சொல்லியிருக்கலாம். என் பேர் கெடும், கெட்டால் கெடட்டும். ஆனால் மறுநாள் காலையிலேயே அவன் அந்த நாற்றத்துக்குள் இறங்குவான். அடுத்த வருஷமும் இதே டீக்கடையில் இதையே கேட்பான். "நீ செத்துடுவண்ணா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவன் எதிரிலேயே டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "நான் பண்ணினதுல தப்பு இல்ல டாக்டர். அது எங்க அண்ணனோட மூச்சுதான். போன வருஷ ரிப்போர்ட்தான் பொய்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அண்ணன் டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான்.

"மிஷின் மேல எனக்கு டவுட்டே இல்ல மே" என்றான். "உன்ன தான் நம்பிகினு இருந்தேன்."