குலுங்காமல் புறப்பட்ட வண்டி

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் இருக்கும் அடுக்குமாடி பழையது. என் வீட்டுக் கதவைத் திறந்தால் ஒரு நடைபாதை. அது நேராகக் கார் பார்க்கில் போய் முடியும். புகை வருகிறது, சத்தம் வருகிறது என்று வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. யாரோ கதவைச் சாத்துவது, யாரோ சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுவது என்று ஏதாவது காதில் விழுந்துகொண்டிருக்கும்.

திருமணம் முறிந்தபின் நான் தனி ஆள். பெரிய சண்டை ஏதும் இல்லை. இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அவள் செமினி பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனாள். வேலையும் வீட்டிலிருந்தே என்றான பிறகு, ஒரு நாள் முழுக்க என் குரலை நானே கேட்காமல் இருக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன். சாப்பாடு கொண்டுவருபவரிடம் 'தேங்க்யூ' சொல்லும்போது தொண்டை கரகரக்கும். தனிமை பழகிவிடும் என்று ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு அது பழகவே இல்லை.

அப்போதுதான் ரிமோட் வண்டி வாங்கினேன். தலை நரைத்த பிறகு விளையாட்டுச் சாமானா என்று என் அக்காள் போனில் சிரித்தாள். சிரிக்கட்டும். என்னுடையது பந்தய வண்டி இல்லை, பாறை ஏறுகிற வகை. பெரிய டயர், பின்னால் ஒரு சின்னத் தொட்டி. மெதுவாகப் போவதுதான் அதன் பெருமை. கார்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்ட மதிய வேளையில் காலி கார் பார்க்கில் அதை ஓட்டுவேன்.

ஒரு பூனை அதைப் பார்க்க வந்தது. சாம்பல் நிறம், பெட்டை, எலும்பும் தோலுமாக இருந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, வண்டி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது. என்னை ஒரு பொருட்டாகக்கூட மதிக்கவில்லை. இரண்டாம் நாள்தான் அதன் கழுத்தைக் கவனித்தேன். பெரிய எண்ணெய் போத்தல் மூடியின் பிளாஸ்டிக் வளையம். குட்டியாக இருந்தபோது குப்பைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். உடம்பு வளர்ந்துவிட்டது, வளையம் வளரவில்லை. சுற்றிலும் முடி கொட்டி, தோல் சிவந்து கிடந்தது. மீன் துண்டைப் போட்டேன். வாயில் கவ்விக்கொண்டு, விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. வளையத்தை வெட்டாவிட்டால் பிழைக்காது என்று எனக்கே புரிந்தது.

ஆனால் கிட்டே விட்டால்தானே? ஓர் அடி எடுத்து வைத்தால் காணாமல் போய்விடும். பொறிக்கூண்டு ஒன்றை இரவல் வாங்கி வைத்தேன். அந்தப் பக்கமே வரவில்லை. அது பின்தொடர்ந்த ஒரே பொருள் என் வண்டிதான். சரி, வண்டியின் தொட்டியில் கெம்போங் மீனை வைத்து, மெல்ல மெல்லக் கூண்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனால் பூனை பின்னாலேயே வராதா என்று தோன்றியது. பெரிய யோசனை என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

வண்டி ஓடும்போது தொல்லை இல்லை. நின்று புறப்படும்போதுதான் வம்பு. பூனை பத்தடி பின்னால் உட்கார்ந்துவிடும். அது எழுந்து வரும்வரை வண்டி நிற்க வேண்டும். வந்ததும் விசையை அழுத்தினால், 'கடக் கடக்' என்று முன்னும் பின்னும் வெட்டி, திடீரென்று துள்ளும். மீன் ஒரு பக்கம் விழும், பூனை ஒரு பக்கம் பறக்கும். தினமும் இதே கூத்து. அதன் கழுத்து தினமும் மோசமாகிக்கொண்டே வந்தது.

கொமுட்டர் ரயில் ஏறி, வண்டியை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். ரிமோட் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்று அங்கே மாடியில் இருந்தது. கடைக்காரர் என் வயதுக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. வண்டியைத் தரையில் வைத்து ஒருமுறை ஓட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் பாஸ். உள்ள காந்தம் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு கண்ட்ரோலருக்குத் தெரியாது. சுத்த ஆரம்பிச்சாத்தான் தெரியும். அதுவரைக்கும் கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்குற மாதிரிதான், குத்துமதிப்பா தள்ளும். அதான் ஜெர்க்."

"சென்சார் இருந்தா?"

"நிக்கிற எடம் அதுக்குத் தெரியும் லா. எறும்பு மாதிரி கெளம்பும். ஆமா, எதுக்கு இவ்ளோ ஸ்லோவா வேணும்? போட்டிக்குப் போறீங்களா?"

"ஆமாண்ணே," என்றேன். ஒரு பூனைக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு யாரும் இல்லாத ஆள் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்வது போல இருந்தது.

மோட்டாரையும் கண்ட்ரோலரையும் மாற்றி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய சென்சார் ஒயரைச் செருகினார். நான் வண்டியைத் தூக்கப் போனபோது கையைத் தடுத்தார்.

"புது மோட்டார்னா புது வண்டிதான் பாஸ். பழம் நசுக்காம போகக்கூடாது."

சூடம் ஏற்றிக் காட்டினார். வண்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு. பெரிய எலுமிச்சை இந்தச் சக்கரத்துக்கு அடங்காது என்று, நான்கு டயருக்கும் முன்னால் நான்கு குட்டிக் கஸ்தூரி எலுமிச்சை வைத்தார். "அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். வண்டி துள்ளவில்லை, வெட்டவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மெதுவாக ஏறி, பழம் ஒன்றுகூட உருண்டோடாமல் நசுக்கிவிட்டு இறங்கியது. சாறு டயரெல்லாம் வழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டியில் கண்டிப்பாக ஜெயித்துவிடுவீர்கள் என்று அவர் என் தோளைத் தட்டினார்.

மறுநாள் மதியம் தொட்டியில் மீனை வைத்துக்கொண்டு கார் பார்க்குக்குப் போனேன். வண்டி வெண்ணெயாய்ப் புறப்பட்டது. பூனை வழக்கம் போல வந்தது, மூக்கை நீட்டியது, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடியே போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே. நான் கொதித்துப் போய்க் கிள்ளானுக்குப் போன் போட்டேன்.

"என்னாண்ணே மோட்டார் கொடுத்தீங்க? பூனை கிட்டகூட வர மாட்டேங்குது!"

"பூனையா? எந்தப் பூனை?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், கூண்டு, மீன் எல்லாம்.

"அட போங்க பாஸ். எலுமிச்சை வாடை பூனைக்கு ஆகவே ஆகாது. என் வீட்டுக்காரி பூச்செடிச் சட்டியில தோலைப் போட்டுத்தான் பூனையை வெரட்டுறா. மொதல்லயே சொல்லியிருந்தா நான் பழமே வச்சிருக்க மாட்டேனே. போட்டின்னுல சொன்னீங்க!"

"கழுவிட்டேனே அண்ணே."

"டயருக்குள்ள ஸ்பாஞ்ச் இருக்கு, சாறை எல்லாம் குடிச்சிருக்கும். டயரை மாத்துங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கழுத்து ரொம்ப மோசமா பாஸ்?"

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நெடுநாள் கழித்து ஒருவர் என்னிடம் கவலையோடு ஏதோ கேட்டார். அது பூனையைப் பற்றித்தான் என்றாலும் பரவாயில்லை.

வேறு டயர் மாட்டினேன். பூனை வருவதற்கு இரண்டு மதியம் தாமதமானது. நான் சாப்பாட்டைக்கூட மறந்து காத்திருந்தேன். வந்தபோது தள்ளாடிக்கொண்டு வந்தது. வண்டியை நகர்த்தினேன், நிறுத்தினேன். அது உட்கார்ந்தது. காத்திருந்தேன். எழுந்தது. விசையை நகம் படுகிற அளவுக்கு மட்டும் அழுத்தினேன். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. இப்படியே நகர்ந்து, நின்று, நகர்ந்து, இரண்டும் கூண்டுக்குள் போயின. கூண்டின் கதவில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துச் சாத்தினேன். பூனை கத்திய கத்தலில் மாடியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். வளையத்தை வெட்டி எடுத்து, புண்ணுக்கு மருந்து போட்டார். "உங்க பூனையா அங்கிள்?" என்று கேட்டார். நான் கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். "புண்ணு ஆறுற வரைக்கும் வெளிய விடாதீங்க" என்றார்.

அந்த நாள்கள் எனக்குப் பொற்காலம். வீட்டுக்குள் இன்னொரு உயிர் மூச்சு விட்டது. பூனை துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலேயே கிடந்தது. நான் அறையை விட்டுப் போனால்தான் சாப்பிடும். ஆனால் வண்டியை நகர்த்தினால் மட்டும் வெளியே வரும். கூடத்தில் அது வண்டிக்குப் பின்னால் சுற்றி வர, நான் நாற்காலியில் கை கால் அசைக்காமல் உட்கார்ந்திருப்பேன். ஓட்டம் நின்றதும் மோட்டார்ச் சூட்டில் ஒண்டிக்கொண்டு தூங்கும். அதனிடம் நிறையப் பேசினேன். என் குரல் தேறிவிட்டது.

புண் ஆறியது. அதற்கு முன்பே அது கதவடியில் போய் உட்காரத் தொடங்கியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் இடையிலிருந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்தபடி காலை முழுக்க முனகும். மீன் அப்படியே காய்ந்து கிடக்கும். இரண்டு நாள் கேட்காதது போல இருந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை.

கதவைத் திறந்து வைத்தேன். நான் கிட்டே போனதும் இயந்திரத்துக்குப் பின்னால் ஓடிய பூனை, நான் நின்றால் வெளியே வராது. அதனால் அடுக்களைக்குள் ஒதுங்கிக்கொண்டு, வண்டியில் மீனை வைத்து வாசலை நோக்கி ஓட்டினேன். பூனை எழுந்து பின்னால் நடந்தது. வாசற்படியில் தயங்கி உட்கார்ந்தது. வண்டியை நிறுத்தினேன். இனி விசையை அழுத்த வேண்டியதுதான்.

கடவுளே, இந்த ஒரு தடவை மட்டும் வெட்டி இழுக்கட்டும், பழைய மாதிரி துள்ளட்டும், அது பயந்து உள்ளே ஓடி வரட்டும் என்று மனதாரக் கேட்டுக்கொண்டேன். பிறகு அழுத்தினேன்.

வண்டி குலுங்காமல் புறப்பட்டது. பூனை அதன் பின்னாலேயே போய்விட்டது.