அம்மா கட்டிய ஆறு முடிச்சும் அப்பாவின் பிரேக்கும்

போன மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிறு, காலை பத்தேகால். பிரேக்கை மிதித்தது முப்பத்தொன்றாவது தடவை.

முதல் மிதி மெத்தென்று இறங்கியது. அடுத்த மிதி பாறை. ஒரு நிமிடம் சும்மா விட்டால் மறுபடி மெத்து...

மண்டை குழம்பிவிட்டது. பாசிர் கூடாங் ஆலையில் நாள் முழுக்க வால்வோடும் குழாயோடும் பிழைப்பவன் நான். செடெனாக் வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடமாகக் கிடந்த அப்பாவின் காடி, அந்தப் பழைய கார், என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பம்ப் புதுசு. பேட் புதுசு. பூஸ்டரையும் சோதித்தாயிற்று. எல்லாம் சரி, பிரேக் மட்டும் சரியில்லை.

இஞ்சின் சூடேறியதும் அந்த வாசம் வந்தது. தீய்ந்த எலுமிச்சம்பழத் தோல், கூடக் கொஞ்சம் பெட்ரோல்.

சின்ன வயதில், பின் சீட்டில், எனக்குத் தெரிந்த வாசம்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா மஞ்சள் துணியில் எலுமிச்சம்பழத்தை முடிந்து பானட்டுக்குள் கட்டுவார். சாமிக்குக் கட்டியதை அவிழ்க்கக் கூடாதாம். அதனால் பழசின் மேலேயே புதுசு, இன்னும் இறுக்கமாக. வழியில் பழம் சூட்டில் வெந்து வாசம் உள்ளே வரும். அது வந்தால் பத்திரம் என்று நம்பி நான் தூங்கிவிடுவேன்.

பதினான்கு வயதில் ஒருநாள், சிம்பாங் ரெங்கம் சிவப்பு விளக்கில் காடி நிற்கவில்லை. அப்பா இரண்டு காலாலும் மிதித்தார். விளக்கைத் தாண்டி, புல்லில் ஏறி, ஒரு செம்பனை மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் அடியில்லை.

"ஓட்டத் தெரியாத மனுசன நம்பி புள்ளையோட ஏறுனேன் பாரு," என்றார் அம்மா.

"மிதிச்சேன்டி. நிக்கல."

"ஆமா, காடி மேல பழிய போடுங்க."

அதன்பின் அம்மா அதில் ஏறவே இல்லை. கொஞ்ச நாளில் அது கொட்டகைக்குப் போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்வார். அப்பா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

வாசம் வந்த இடத்தில் டார்ச் அடித்தேன். இஞ்சினின் உறிஞ்சலை பூஸ்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். காலுக்குப் பலம் அதிலிருந்துதான். அதன் கழுத்தில் அம்மாவின் ஆறு முடிச்சு. எண்ணெய் பட்டு இளகிய ரப்பர் நெரிந்து கிடந்தது. ஒரு மிதிக்குத்தான் மூச்சு. அடுத்த மிதிக்கு இல்லை.

மூன்று வாரமாகப் பார்த்த மூட்டைதான். சாமி சமாசாரம் என்று நானும் தொடவில்லை.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுதான்ப்பா. அன்னிக்கு உங்க மேல தப்பே இல்ல."

"ம்."

"முன்னயே தெரியுமா உங்களுக்கு?"

"ஹோஸ மாத்துடா. பேசிக்கிட்டே நிக்காத."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "என்னடா, அந்த சனியன் நிக்குதா இல்லியா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரே, "பாத்துக்கிட்டிருக்கான் லா," என்றார்.

மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவன் நான். அன்று வாய் வரவில்லை. சொன்னால் அப்பா மீண்டும் ஓட்டத் தெரிந்த மனுசன். அம்மா என்ன ஆவார்?

இப்போது நான் ஓட்டும் என் புதுக் காடி தானே பிரேக் பிடிக்கிறது, ஆபத்தென்றால் தானே கத்துகிறது. வாசம் ஏதும் இல்லை. பின் சீட்டில் வந்த அந்தத் தூக்கமும் இல்லை.

இனி செய்ய வேண்டியவை. அம்மா இணையத்தில் இந்தப் பக்கமெல்லாம் வரமாட்டார், அதனால் இங்கே எழுதுகிறேன்.

1. கெட்டியான புது ஹோஸ் போட வேண்டும்.

2. செம்பனைத் தோட்டத்து ரோட்டில் அடுத்தடுத்து மூன்று மிதி. மூன்றும் பிடிக்க வேண்டும்.

3. பழைய ஹோஸை அறுத்து, முடிச்சை அவிழ்க்காமல் உருவி, பானட் ஓரத்தில் வேறு இடம் பார்த்துக் கட்ட வேண்டும்.

4. அம்மா முன் சீட்டில். அப்பாதான் ஓட்ட வேண்டும். சிம்பாங் ரெங்கம் வரைக்கும்.

5. அம்மாவிடம் சொல்வதா... இதற்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.