புலி வாய்க் கதவு

காவோசியுங்குக்கு டிக்கெட் எடுத்த பிறகுதான், என் மனைவியின் நுரையீரல் விமானப் பயணத்தைத் தாங்காது என்று டொக்டர் சொன்னார். தைவானின் அந்தத் துறைமுக நகரத்தைப் பார்ப்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

நாங்கள் குடியிருக்கும் கிளென் ஈடனில் பக்கத்து வீட்டு லின் அந்த ஊர்க்காரி. விஷயம் கேள்விப்பட்டு வந்து, அங்கே தாமரைக் குளத்தில் நிற்கும் இரட்டைக் கோபுரங்களைப் பற்றிச் சொன்னாள். ஒன்றுக்கு டிராகன் வாய்தான் வாசல், மற்றதுக்குப் புலி வாய். டிராகன் வாயால் நுழைந்து புலி வாயால் வெளியே வந்தால் கெட்டகாலம் தொலையுமாம். சொன்னதோடு நிற்காமல், மனைவியின் சக்கர நாற்காலியை எங்கள் வாசல் கதவால் உள்ளே தள்ளி, பின்கதவால் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

“இஞ்சருங்கோ, நாளைக்கும் போவம்,” என்று மனைவி சிரித்தாள்.

லின் தினமும் வந்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பின்கதவைப் பூட்டாமலே வைத்திருந்தேன்.

ஒரு காலை மனைவிக்கு மூச்சு முட்டியது. அம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை வாசல் பக்கம் திருப்பினார்கள்.

“பின்கதவால கொண்டு போங்கோ,” என்று தமிழில் கத்தினேன். சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த லின், நான் கைகாட்டிய திசையைப் பார்த்து அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

“பின்னால் வேலிதானே, தெருவுக்கு வழியில்லை,” என்றார் ஒருவர். அது எனக்கும் தெரியும்.

டிராகன் வாயால் நுழைந்தவள் அதே வாயால் வெளியேறினாள். திரும்பி வரவில்லை.

இப்போதும் நான் தினமும் வாசலால் நுழைந்து பின்கதவால் வெளியே வருகிறேன். அங்கே வேலி மட்டும் நிற்கிறது.